டிக்கியில் ஒட்டியிருக்கும் மூன்று எண்கள்

"சார், 320டி எடுக்கலாமா, 328ஐ எடுக்கலாமா?" என்று வங்கி அதிகாரியிடம் வந்து கேட்பவர்கள் உண்டு. லோன் கொடுப்பவனுக்குக் காரைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நான் ஓட்டுவதோ மாருதி. தங்கமணிக்கு அதன் ஏ.சி. ஒழுங்காக வேலை செய்தால் போதும், இஞ்சின் எத்தனை சி.சி. என்றெல்லாம் கவலையில்லை. ஆனாலும் பைல் பைலாகப் பார்த்ததில் இந்த எண்கள் மேல் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. ஒரே கார், ஒரே பாடி, ஒரே சீட். டிக்கியில் ஒட்டியிருக்கும் எண் மட்டும் வேறு. அந்த எண்ணுக்காகச் சில லட்சம் கூடும், குறையும். அதை யார் முடிவு செய்தது, எப்போது ஆரம்பித்தது என்று தேடிப் போனால் கதை கார் தொழிற்சாலையில் ஆரம்பிக்கவில்லை. ஒரு பேலன்ஸ் ஷீட்டில் ஆரம்பிக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் :-)

1959 டிசம்பர் 9. ம்யூனிக் நகரில் பி.எம்.டபிள்யூ.வின் பங்குதாரர் கூட்டம். அந்தக் கம்பெனி அப்போது இரண்டு வகை வண்டி விற்றுக்கொண்டிருந்தது. ஒன்று, வி8 இஞ்சின் வைத்த பெரிய சொகுசுக் கார். விற்க விற்க நஷ்டம். இன்னொன்று, முன்பக்கமே கதவாகத் திறக்கும் முட்டை மாதிரியான இசெட்டா. அது விற்கும், ஆனால் லாபம் சொற்பம். நடுவில் ஒன்றுமே இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்காரர் கொஞ்சம் வசதி வந்ததும் வாங்கும் கார் அவர்களிடம் கிடையாது. கடன் கழுத்தை நெரித்தது. கம்பெனியை டாய்ம்லர்-பென்ஸிடம், அதாவது மெர்சிடிஸ்காரர்களிடம், ஒப்படைத்துவிடலாம் என்று நிர்வாகம் தீர்மானம் கொண்டுவந்தது. மேற்பார்வைக் குழுவின் தலைவர் ஹான்ஸ் ஃபைத் டாய்ச்ச வங்கியின் ஆள்.

சிறு பங்குதாரர்களும் டீலர்களும் கொதித்துப் போனார்கள். அவர்கள் பக்கம் பேசியவர் ஃப்ரீட்ரிஷ் மாத்தர்ன் என்ற ஃப்ராங்க்ஃபர்ட் வக்கீல். கூட்டம் கூச்சலாக இருந்தாலும் அவர் கையில் எடுத்தது ஒரு கணக்குப் பிழையை. அப்போதுதான் வந்திருந்த 700 என்ற சின்னக் காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருடத்தில் எழுதித் தள்ளியிருந்தார்கள். பல வருடம் விற்கப்போகும் மாடலின் செலவைப் பல வருடத்துக்குப் பிரித்துப் போடவேண்டும் என்பது நாம் முதல் வருடத்திலேயே படித்த பாடம். ஒரே வருடத்தில் போட்டால் நஷ்டம் பூதாகரமாகத் தெரியும், விற்றே ஆகவேண்டும் என்ற எண்ணம் தானாக வரும். பேலன்ஸ் ஷீட்டில் குறை இருந்தால் பத்து சதவீதப் பங்கு கேட்டாலே கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். கேட்டார்கள், கிடைத்தது. மெர்சிடிஸ் கொடுத்திருந்த கெடுவும் தாண்டிப்போனது. அதன் பிறகு ஹெர்பர்ட் க்வாண்ட் என்ற தொழிலதிபர் தன் பங்கை உயர்த்திக்கொண்டு பணம் போட்டார். நடுவில் இருந்த ஓட்டையை அடைக்க ஒரு கார் தயாரானது.

அதுதான் 1961-இல் காட்டி 1962-இல் விற்பனைக்கு வந்த 1500. இங்கேதான் இஞ்சின் விஷயம் ஆரம்பிக்கிறது. இஞ்சினை வடிவமைத்தவர் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாசன். பழைய ரேஸ்காரர். நிர்வாகம் அவரிடம் கேட்டது 1.3 லிட்டர் இஞ்சின். "குறைந்தது 1.5 வேண்டும், அதுவும் பின்னால் பெரிதாக்க இடம் விட்டு" என்று அவர் அடம்பிடித்தார். வீடு கட்டும்போதே மேல்மாடிக்குத் தூண் கம்பியை நீட்டி விடுவார்களே நம்ம ஊரில், அந்த மாதிரி. முதலில் 80 குதிரைத்திறன். அதே இரும்பு பிளாக் 1.6 ஆகி, 1.8 ஆகி, 2.0 ஆகி வளர்ந்தது. 1983-இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் ஜெயித்த காரின் டர்போ இஞ்சினும் இந்த பிளாக்கிலிருந்து வந்ததுதான். ஒரு மனிதர் சி.சி. விஷயத்தில் விட்டுக்கொடுக்காததற்கு இருபது வருடம் வட்டி வந்தது.

1966-இல் சின்ன இரண்டு கதவு 1600 வந்தது. அடுத்து நடந்ததை இஞ்சின் தேர்வின் வரலாற்றில் முதல் அத்தியாயம் என்று சொல்லலாம். ஃபால்கன்ஹாசன் தன் சொந்த உபயோகத்துக்கு அந்தச் சின்னக் காரில் 2 லிட்டர் இஞ்சினை மாட்டச் சொல்லியிருந்தார். திட்டப் பிரிவில் இருந்த ஹெல்முட் வெர்னர் பென்ஷ் என்பவரும் அதையே, அவருக்குத் தெரியாமல், செய்யச் சொல்லியிருந்தார். இரண்டு வண்டியும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போதுதான் ஒருவருக்கொருவர் விஷயம் தெரிந்ததாம். இரண்டு பேரும் சேர்ந்து நிர்வாகத்திடம் போனார்கள். அதே சமயம் அமெரிக்காவில் கார் இறக்குமதி செய்துவந்த மாக்ஸ் ஹாஃப்மன், இரட்டை கார்புரேட்டர் 1600 அங்கே புகைக் கட்டுப்பாட்டில் தேறாததால், வேறு ஏதாவது வேகமான வண்டி கொடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். 1968-இல் 2002 வந்துவிட்டது. 100 குதிரைத்திறன். புகை விதி ஒன்று குறுக்கே நின்றதால் பெரிய இஞ்சின் பிறந்தது. புகை விதியால் இஞ்சின் சின்னதாகத்தானே ஆகவேண்டும் என்று தோன்றும். அது பின்னால் வருகிறது.

அதற்குப் பிறகு ஒரே காருக்கு வரிசையாக இஞ்சின்கள். 120 குதிரைத்திறனுக்கு ஒன்று, 1971-இல் 130-க்கு ஒன்று. 1973 செப்டம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 170 குதிரைத்திறனோடு 2002 டர்போ. முன்னால் போகும் வண்டிக்காரர் தன் கண்ணாடியில் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று முன்பக்கத்தில் 'டர்போ' என்பதைத் தலைகீழ்க் கண்ணாடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நம்ம ஊர் ஆம்புலன்ஸ் மாதிரி. திமிர் என்று ஜெர்மனியில் பெரிய சர்ச்சை. அடுத்த மாதமே அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. நவம்பர், டிசம்பரில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஜெர்மனியில் கார் ஓட்டவே தடை. ஆட்டோபானில் மக்கள் சைக்கிள் விட்டார்கள். 2002 டர்போ மொத்தம் 1,672 மட்டுமே செய்து மூடப்பட்டது. காட்சிக்கு வைத்த செப்டம்பரில் அது சரியான கார். நவம்பரில் தப்பான கார். காரில் ஒரு ஆணி கூட மாறவில்லை.

1975-இல் இதன் வாரிசாக 3 சீரிஸ் பிறந்தது. இன்று நாம் பார்க்கும் மூன்று இலக்க எண்கள் அந்தக் காரில் ஒட்டப்பட்டன. 316, 318, 320, 320ஐ. முதல் எண் காரின் வகை, மற்ற இரண்டும் இஞ்சின் லிட்டர், 'ஐ' என்றால் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ரொம்ப நேர்மையான ஏற்பாடு. 90 குதிரைத்திறனில் ஆரம்பித்து 125 வரை. அதிலும் ஒரு சின்னக் குசும்பு: 316-க்கும் 318-க்கும் முன்னால் ஒற்றை ஹெட்லைட், 320-க்கு மேல் இரட்டை. எதிரில் வருபவருக்கே உங்கள் சம்பளம் தெரிந்துவிடும். ஜெர்மனியில் பின்னாட்களில் எண்ணே ஒட்டவேண்டாம் என்று ஆர்டரில் எழுதிக் கொடுக்கிற வசதியும் வந்தது. பெரிய இஞ்சின் வாங்கியவர் அக்கம்பக்கத்துக் கண்ணுக்குப் பயந்து எடுத்தார், சின்ன இஞ்சின் வாங்கியவரும் அதே கண்ணுக்குப் பயந்துதான் எடுத்தார்.

1977-இல் ஆறு சிலிண்டர் வந்தது. நாலு சிலிண்டர் உழைக்கும், ஆறு சிலிண்டர் பாடும் என்பது பி.எம்.டபிள்யூ. பக்தர்களின் சித்தாந்தம். அதற்கு மறுப்பும் அந்தக் கம்பெனியே கொடுத்தது. 1986-இல் வந்த முதல் எம்3 நாலு சிலிண்டர்தான். தலைவர் எபர்ஹார்ட் ஃபான் கூன்ஹைம் கேட்டுக்கொண்டபடி பால் ரோஷ என்ற இஞ்சின் மேதை, பழைய ஃபால்கன்ஹாசன் பிளாக்கையே எடுத்து, ஆறு சிலிண்டர் ரேஸ் இஞ்சினின் தலைப்பகுதியில் இரண்டு சிலிண்டரைக் குறைத்து மேலே பொருத்தினார். 2.3 லிட்டரில் 200 குதிரைத்திறன். அப்போதைய ஆறு சிலிண்டர் 325ஐ-க்கு 171. மூக்கில் எடை குறைவு என்பதால் வளைவில் திரும்புவதிலும் நாலு சிலிண்டரே கெட்டி. 'பெரியது எல்லாம் வேகம் இல்லை' என்பதற்கு இன்றுவரை காட்டுகிற உதாரணம்.

எனக்குப் பிடித்தது அந்த எம்3 இல்லை. அதன் தம்பி. 320ஐஎஸ் என்று பெயர். ஜெர்மனியில் கிடைக்காது. முக்கியமாக இத்தாலிக்கும் போர்ச்சுகலுக்கும் செய்தார்கள், 1987-லிருந்து 1990 வரை. ஏன்? இத்தாலியில் 2000 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கு மதிப்புக் கூட்டு வரி 38 சதவீதம். அதற்குக் கீழே என்றால் ஏறக்குறைய பாதி. 2.3 லிட்டர் எம்3-யை வாங்க நினைத்த இத்தாலிக்காரருக்கு வரியே ஒரு கார் விலை. அதனால் எம்3 இஞ்சினின் கொள்ளளவைக் குறைத்து 1990 சி.சி. ஆக்கிவிட்டார்கள். 192 குதிரைத்திறன். எட்டுக் குதிரை குறைவு, வரி பாதி. வரித் திட்டமிடல் என்று நாம் 80சி-யைக் கட்டிக்கொண்டு அழுகிறோம், ஒரு கம்பெனி இஞ்சினையே திட்டமிட்டிருக்கிறது! இந்த 1990 என்ற எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே எண்பதுகளில் இதற்கு நேர் எதிராக இன்னொரு கூத்து. 325ஈ. இந்த 'ஈ', சிக்கனத்தைக் குறிக்கும் 'ஈட்டா' என்ற கிரேக்க எழுத்தின் முதல் எழுத்து. டிக்கியில் 25 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது 2.7 லிட்டர். எரிபொருள் மிச்சம் பிடிக்கப் பெரிய இஞ்சின்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் விஷயம் உண்டு. பெரிய இஞ்சினை மெதுவாகச் சுற்றவிட்டால் உராய்வு இழப்பு குறைவு. 5000 சுற்றைத் தொடுவதற்கு முன்பே மூச்சு நிற்கும்படி வைத்திருந்தார்கள். 122 குதிரைத்திறன். வேகம் விரும்பியவர்கள் திட்டினார்கள், நீண்ட தூரம் ஓட்டியவர்கள் வாழ்த்தினார்கள். எண் பொய் சொல்ல ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான்.

டீசலுக்கு வருவோம், நம்ம கதை அங்கேதானே இருக்கிறது. முதல் 3 சீரிஸ் டீசல் 1985-இல், 324டி. 2.4 லிட்டருக்கு 86 குதிரைத்திறன். ஸ்போர்ட்ஸ் சொகுசுக் கார் என்று சொல்லிக்கொண்டு டிராக்டர் சத்தம் போட்டால் யார் வாங்குவார்கள்? டாக்ஸிக்காரர்களும் கஞ்சர்களும் வாங்குவது என்ற பெயர் டீசலுக்கு இருந்தது. அந்தப் பெயர் உடைந்த நாள் என்று ஒன்றைச் சொல்லலாம். 1998 ஜூன், நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸ். ஒரு 320டி ஜெயித்தது. ஓட்டிய நால்வரில் ஹான்ஸ் யோவாக்கிம் ஷ்டுக்கும் ஒருவர். டீசல் கார் ஒன்று 24 மணி நேர ரேஸை ஜெயித்தது அதுவே முதல் முறை. எப்படி? எதிரிகள் பெட்ரோல் போட நின்ற நேரத்தில் இது ஓடிக்கொண்டிருந்தது. முயல் ஆமைக் கதை, ஆனால் ஆமையும் நல்ல வேகம். அதே வருடம் வந்த புதுத் தலைமுறை 3 சீரிஸில் 136 குதிரைத்திறன் 320டி ஷோரூமுக்கு வந்தது. 2001-இல் காமன் ரெயில் தொழில்நுட்பத்தோடு 150. அதற்கடுத்த தலைமுறையில் 184 வரை. ஐரோப்பாவில் மேனேஜர் ஜாதி முழுவதும் 320டி-க்கு மாறியது.

இந்தியாவுக்கு இது வந்த வழி நமக்கு ரொம்பப் பக்கம். 2007 மார்ச் 29 அன்று செங்கல்பட்டுக்கு முன்னால், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தது. முதலில் அசெம்பிள் ஆனது 3 சீரிஸ். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும்போது நெடுஞ்சாலையிலிருந்தே அந்தப் பக்கம் கை காட்டுவார்கள். அங்கே செய்த வண்டியை நாம் டெல்லியிலும் மும்பையிலும் பார்த்து "நம்ம ஊர் வண்டி" என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். 2009-இல் சொகுசுக் கார் விற்பனையில் மெர்சிடிஸை இந்தியாவில் அவர்கள் முந்தினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் தன்னை வாங்க வந்தவரை. மாத்தர்ன் வக்கீலை நினைத்துக்கொண்டேன்.

இங்கேயும் வரிதான் இஞ்சினை நடத்தியது. 2008 ஜூனில் 1500-லிருந்து 1999 சி.சி. வரை உள்ள காருக்குக் கூடுதலாக 15,000 ரூபாய், 2000-க்கு மேல் 20,000 ரூபாய் என்று கலால் வரி வந்தது. 320டி 1995 சி.சி. மேல் படிக்கு ஐந்து சி.சி. கீழே. 2011 பட்ஜெட்டில் இன்னொரு நுணுக்கம்: பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டும் காரில் இஞ்சினோ கியர்பாக்ஸோ ஏற்கெனவே முழுதாகப் பூட்டி வந்தால் சுங்க வரி அதிகம். முதலில் 60 சதவீதம் என்றார்கள், பிறகு 30 ஆக்கினார்கள். தனித்தனிப் பாகமாக வந்தால் 10 சதவீதம். விளைவு, 2015-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் செங்கல்பட்டுப் பக்கமே ஒரு கூடம் போட்டு பி.எம்.டபிள்யூ. இஞ்சின்களைப் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் கூடத்தில் வேலை கிடைத்த ஐ.டி.ஐ. பையன்கள் அந்த பட்ஜெட் வரிக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

2012 ஜூலையில் புதிய 3 சீரிஸ் இங்கே வந்தபோது தேர்வு இப்படி இருந்தது. 320டி, 184 குதிரைத்திறன். 328ஐ பெட்ரோல், 245 குதிரைத்திறன். இந்த 328-இல் 2.8 லிட்டர் இல்லை, ஆறு சிலிண்டரும் இல்லை. 2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயு கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் வரவேண்டும் என்று 2009-இல் சட்டம் போட்டதன் விளைவு. 1968-இல் புகை விதியால் வளர்ந்த இஞ்சின் 2012-இல் புகை விதியால் சுருங்கியது. எண் இப்போது லிட்டரைச் சொல்வதில்லை, சும்மா ஒரு படிநிலை. சொல்லப்போனால் 320ஐ-யும் 328ஐ-யும் ஒரே 1997 சி.சி. ஒன்றில் 184 குதிரைத்திறன், மற்றதில் 245.

சரி, எதை எடுப்பது? அன்றைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2012 மே கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. பெட்ரோல் விலையை அரசு 2010 ஜூனில் சந்தைக்கு விட்டுவிட்டது, டீசலை விடவில்லை. லாரிக்கும் விவசாயிக்கும் கொடுத்த மானியத்தில் சொகுசுக் காரும் குளித்தது. டீசல் கார் 2 லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பெட்ரோல் லிட்டருக்கு 10 கி.மீ., டீசல் 15 கி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு 7.32, டீசல் செலவு 2.73. மிச்சம் 4.59. இரண்டு லட்சத்தை மீட்க 43,500 கி.மீ. வருடம் 12,000 கி.மீ. ஓட்டினால் மூன்றரை வருடத்துக்குச் சற்று மேல். ஐந்து வருட லோன் முடிவதற்குள் லாபம். நாற்பது லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர் இதையா பார்ப்பார் என்று கேட்பீர்கள். பார்ப்பார். பணம் இருப்பவர்தான் காசை எண்ணுவார், நான் கௌண்டரில் பார்த்ததில் இது மாறவே இல்லை.

நம் வீடுகளிலும் அதே கணக்குதான். 320டி இல்லாவிட்டால் ஸ்விஃப்ட் டீசல். அதிலும் இண்டிகா விஸ்டாவிலும் இருந்த அந்த 1248 சி.சி. ஃபியட் இஞ்சினை வாங்கி, லீவுக்கு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் குடும்பத்தோடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்! பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காது, நாலு பேருக்கு ஃப்ளைட் கட்டுபடியாகாது, டீசல் கார் இருந்தால் போய்விடலாம். நாக்பூரில் ஒரு இரவு, ஹைதராபாத்தில் ஒரு இரவு.

அந்தக் கணக்கில் மூன்று இடத்தில் மண் விழுந்தது.

2014 அக்டோபரில் டீசல் விலையையும் சந்தைக்கு விட்டார்கள். இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, 2020 ஜூன் 24 அன்று டெல்லியில் டீசல் 79.88, பெட்ரோல் 79.76. டீசல் பெட்ரோலைத் தாண்டியது. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் 2.65 ரூபாய், 2 லட்சத்தை மீட்க 75,000 கி.மீ.க்கு மேல். ஆறு வருடத்தையும் தாண்டிவிடும். டெல்லியில் டீசல் காருக்கு ரோடு டாக்ஸ் பெட்ரோல் காரைவிட நாலில் ஒரு பங்கு கூடுதல் என்பதை இதில் சேர்க்கவில்லை. வட்டியையும் சேர்க்கவில்லை.

இரண்டாவது, 2015 டிசம்பர் 16. தலைநகரில் மூச்சு விடமுடியாத குளிர்காலம். 2000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களை டெல்லியிலும் சுற்றுப்பகுதியிலும் பதிவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னோவா, ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ எல்லாம் ஷோரூமிலேயே நின்றன. மெர்சிடிஸ் சி கிளாஸ் டீசல் 2143 சி.சி., அவுட். பி.எம்.டபிள்யூ. 530டி 2993 சி.சி., அவுட். 320டி 1995 சி.சி. தப்பித்தது. 1968-இலிருந்து வேறு ஊரில் வேறு காரணத்துக்காக வகுத்த அந்த '2 லிட்டர்' என்ற வட்டத்துக்குள் ஐந்து சி.சி. இடம் விட்டு உட்கார்ந்திருந்ததால் தப்பித்தது. புகையை அளந்தா தடை போட்டார்கள், சி.சி.யை அளந்து போட்டார்கள் என்பது என் நெடுநாள் புலம்பல். 2001 சி.சி. வண்டி எல்லாம் அழுக்கு, 1999 சி.சி. வண்டி எல்லாம் சுத்தம் என்று எந்தக் கருவியும் சொல்லாது. சில வாரத்திலேயே மஹிந்திரா ஸ்கார்ப்பியோவுக்கும் எக்ஸ்யூவி 500-க்கும் 1.99 லிட்டர் இஞ்சின் கொண்டுவந்தது. இத்தாலிக்காரர்களின் 1990 சி.சி. ஞாபகம் வருகிறதா? முப்பது வருடம் கழித்து அதே விளையாட்டு, அதே பத்து சி.சி. இடைவெளி. 2016 ஆகஸ்ட் 12 அன்று, ஷோரூம் விலையில் ஒரு சதவீதம் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டினால் சரி என்று தடை விலகியது.

மூன்றாவதுதான் நிஜமான அடி. 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டி டெல்லிப் பகுதியில் ஓடக்கூடாது என்றது. பெட்ரோலுக்கு வயது வரம்பு பதினைந்து. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. யோசித்துப் பாருங்கள். 2008-இல் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர். ஒருவர் 325ஐ பெட்ரோல் எடுத்தார், "பெட்ரோல் குடிக்கும் யானை" என்று கேலி. மற்றவர் 320டி, "கெட்டிக்காரர்" என்று பாராட்டு. கெட்டிக்காரரின் வண்டிக்கு 2018-இல் ஆயுள் முடிந்தது. யானைக்கு 2023 வரை ஓட அனுமதி. இந்த எண்ணை டிக்கியில் ஒட்டியபோது யாருக்கும் இது தெரியாது, சேல்ஸ்மேனுக்கும் தெரியாது, லோன் கொடுத்தவனுக்கும் தெரியாது.

வங்கிக்கு வண்டி ஒரு அடமானப் பொருள். ஏழு வருட லோனில், கடைசி வருடங்களில் வண்டியின் விலை பாக்கியைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆறு வயது டீசல் காரை டெல்லியில் பழையதாக வாங்குகிறவருக்கு மிச்சம் இருப்பது நாலு வருடம். அதற்கேற்ப விலை விழுந்தது. இஞ்சின் கல்லு மாதிரி இருக்கும், மீட்டரில் 60,000 கி.மீ.கூட இருக்காது, ஆனாலும் காய்லாங்கடை விலைக்குக் கேட்பார்கள். கார் தேயவில்லை, காலண்டர் தேய்ந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் இப்படி வயதை மட்டும் பார்த்து நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதே வருடம் டிசம்பரில், அந்தச் சலுகை பி.எஸ்.4-ம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று திருத்தியது. ஆக இப்போது எண்ணோடு கூட ஆர்.சி.யில் இருக்கும் பி.எஸ். வரியையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

பெட்ரோல் பக்கம் போனவர்களுக்கு ஒரு விருந்து காத்திருந்தது. 2021 மார்ச்சில் எம்340ஐ. ஆறு சிலிண்டர், 2998 சி.சி., டர்போ, 387 குதிரைத்திறன், 4.4 விநாடியில் நூறு கி.மீ. வேகம். இதுவும் செங்கல்பட்டுப் பக்கம் பூட்டியதே. எண் மறுபடி 40 என்கிறது, உள்ளே 3 லிட்டர், போகட்டும். சின்ன இஞ்சின்தான் இனி எதிர்காலம் என்று எல்லோரும் சொன்ன பிறகு வந்த பெரிய இஞ்சின் இது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம், செஸ் கிடையாது என்று ஆகிவிட்டதால், இந்த ரகக் கார்களுக்குள் 1995-க்கும் 2998-க்கும் வரி விகிதத்தில் இப்போது வித்தியாசம் இல்லை. 320ஐஎஸ் செய்த ஆட்களுக்கு இங்கே வேலை இல்லை.

டெல்லியில் கெடு நெருங்கும் டீசல் கார் வைத்திருப்பவர்களில் பலர் அதை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் பத்து வருடத் தடை கிடையாது. ஸ்விஃப்டுக்கும் 320டி-க்கும் வழி ஒன்றே. லோன் முடிந்திருந்தால் முதலில் வங்கியிடம் ஃபாரம் 35-இல் கையெழுத்து வாங்கி ஹைபோதிகேஷனை நீக்குங்கள், இதை மறந்துவிட்டு ஊரில் போய் நின்று போன் செய்பவர்கள் நிறைய. அடுத்து ஃபாரம் 28 கொடுத்து டெல்லி ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. ஊரில் ஃபாரம் 27 கொடுத்துப் புது எண். அங்கே ஆயுள் வரி மறுபடி கட்டவேண்டும், ஆனால் வண்டியின் வயதைப் பார்த்துக் குறைத்துத்தான் போடுவார்கள். இங்கே கட்டிய ரோடு டாக்ஸில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திருப்பிக் கேட்கலாம். புது ஆர்.சி.யின் நகலோடு மனு போடவேண்டும், அலையவும் வேண்டும். கெடுவுக்கு ஆறு மாதம் முன்னாலேயே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.